நாக்கின் வாக்குமூலம்

பெங்களூரு இந்திரா நகரில் ஒரு மைக்ரோப்ரூவரி. மாடிப்படி ஏறும்போதே கேழ்வரகுக் கூழ் கொதிக்கிற அடுப்படியின் வாசனை வந்து முகத்தில் மோதியது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், பால் பண்ணையில் பார்ப்பதுபோல ஆளுயர எஃகுத் தொட்டிகள். என்னோடு வந்தவன் கல்லூரித் தோழன். முதல் மாதச் சம்பளத்தில் எந்த பீரைக் குடித்தானோ, இருபத்தைந்து வருடமாக அதையே குடித்துவருகிறவன். மெனு கார்டை மேலிருந்து கீழ்வரை படித்தான். பில்ஸ்னர், ஐபிஏ, ஹெஃபவைசன், சேசோன், சவர் ஏல், ஸ்டௌட். கார்டை என் பக்கம் திருப்பி, "டேய், இதுல பீர் எது?" என்றான்.

பரிமாற வந்த தம்பி திருவண்ணாமலைப் பக்கம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாம்பிளர் எடுத்துக்கங்க சார், ஆறுலயும் கொஞ்சம் கொஞ்சம் வரும்" என்றார். ஆறு குழி வெட்டிய பலகையில் ஆறு சின்னக் கோப்பைகள் வந்தன. ஒரு கோடியில் வெளிர் மஞ்சள், மறு கோடியில் முதல் டிகாக்‌ஷன் கறுப்பு.

முதல் கோப்பையைக் குடித்தான். "கசக்குது." இரண்டாவது. "இது அதைவிடக் கசக்குது." மூன்றாவது கலங்கலாக, அரிசி களைந்த நீரில் மஞ்சள் கரைத்த மாதிரி இருந்தது. ஒரு வாய் குடித்தவன் நிறுத்திவிட்டு மறுபடி மோந்து பார்த்தான். "இதுல வாழைப்பழம் அரைச்சு ஊத்தியிருக்கானா?"

யாரும் ஊற்றவில்லை. அதில் இருந்தவை கோதுமை, பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் மட்டுமே. ஆனாலும் அவன் சொன்னது பொய் இல்லை. 'எனக்கு எந்த பீர் பிடிக்கும்?' என்று தேடுகிற புதியவருக்கு வேண்டிய பாதி அறிவியல் அந்த வாழைப்பழத்தில் இருக்கிறது. மீதிப் பாதி, அதைச் சொன்ன நாக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில் இருக்கிறது.

நாலு பொருள், நூறு பெயர்

பீர் வகைகளை இன்று நாம் அடுக்கிச் சொல்லும் முறைக்கு வழி போட்டவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் இல்லை, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்காரரான பத்திரிகையாளர். 1977-ல் வந்த 'தி வேர்ல்ட் கைடு டு பீர்' என்ற நூலில், ஊருக்கு ஊர் வேறுபட்டுக் கிடந்த பீர்களை 'ஸ்டைல்' என்ற தலைப்புகளின் கீழ் அவர் தொகுத்தார். இன்று போட்டிகளில் நடுவர்கள் கையில் வைத்திருக்கும் பட்டியல் நூறைத் தாண்டும். புதியவர் அதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. நம்மூர்க் குழம்புக்கும் நூறு பெயர் உண்டு. புளி, காரம், பருப்பு, தேங்காய் ஆகியவற்றின் கூட்டல் கழித்தலில் முக்கால்வாசி அடங்கிவிடும். பீரிலும் அப்படித்தான். மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் என்று நாலே பொருள். இவற்றில் எது முன்னால் வந்து நிற்கிறது என்பதைத்தான் வகையின் பெயர் சொல்கிறது.

முதலில் மால்ட். பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, உலர்த்தினால் மால்ட். கைக்குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவரைக்கும் வீடுகளில் நடப்பதும் இதே வேலைதான். முளைக்கும் தானியத்துக்குள் அமைலேஸ் என்ற என்சைம் உருவாகிறது. பிறகு வெந்நீரில் ஊறும்போது அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. இளஞ்சூட்டில் உலர்த்திய மால்ட் வெளிர் நிறத்தில் ரொட்டி வாசம் தரும். சூடு கூடக்கூட, தோசையின் ஓரம் சிவப்பதுபோல, சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து நிறமும் மணமும் ஏறும். 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயாரின் பெயரால் இதை மயார் வினை என்கிறோம். காப்பிக்கொட்டைபோலக் கறுக்க வறுக்கும் உருளைக்கு 1817-ல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் காப்புரிமை வாங்கினார். ஸ்டௌட்டின் கறுப்பும், அதில் வரும் காப்பி, சாக்லேட் வாசமும் இப்படி வறுத்த தானியத்தின் கொடை.

இந்தக் கறுப்புதான் புதியவர்களை அதிகம் பயமுறுத்துகிறது. 'கறுப்பா இருக்கே, ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்குமோ?' நிறத்துக்கும் ஆல்கஹாலுக்கும் சம்பந்தமே இல்லை. டப்ளினின் கின்னஸ் டிராஃப்ட் கன்னங்கரேல் என்றிருக்கும்; ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நம்மூரில் 'ஸ்ட்ராங்' என்று விற்கும் பொன்னிற பீர்கள் பலவும் அதைவிடக் கூடுதல். அதே ஸ்டௌட் குடும்பத்தில் இலங்கையின் லயன் ஸ்டௌட் 8 சதவீதத்தைத் தாண்டும். மேற்சொன்ன ஜாக்சன் அதைத் தேடிப்போய்க் குடித்துப் பாராட்டி எழுதினார். வறுப்பு நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஆல்கஹாலின் அளவோ, ஈஸ்ட்டுக்கு எவ்வளவு சர்க்கரை கிடைத்தது, அதில் எவ்வளவைத் தின்றது என்பதைப் பொறுத்தது.

அடுத்தது ஹாப்ஸ். குளிர்நாட்டில் கம்பம் நட்டு ஏற்றி வளர்க்கும் ஒரு கொடியின் பெண் பூங்கொத்து. அதில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கக் கொதிக்க ஐசோ ஆல்ஃபா அமிலங்களாக உருமாறுகின்றன. பீரின் கசப்பு பெரும்பாலும் அவைதான். லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இருந்தால் கசப்பு அளவு 1. இந்தக் கணக்கில் ஹெஃபவைசன் என்னும் பவேரியக் கோதுமை பீர் 8 முதல் 15 வரை. செக் பில்ஸ்னர் 30 முதல் 45. ஐபிஏ 40 முதல் 70. என் தோழனின் முதல் இரண்டு தீர்ப்புகளும் ஆய்வகக் கணக்கோடு ஒத்துப்போயின. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து பீர் வாங்கினால் ஏமாறலாம். பாகற்காய்க் குழம்பில் ஒரு கட்டி வெல்லம் போடுவது எதற்கு? கசப்பு உள்ளே அப்படியே இருக்கும். நாக்குக்கு மட்டும் அடங்கித் தெரியும். மால்ட்டின் இனிப்பு பீரில் அந்த வெல்லத்தின் வேலையைச் செய்கிறது.

ஹாப்ஸைத் தொடக்கத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு. கடைசியில் போட்டால், ரசத்தை இறக்கும்போது கிள்ளிப் போடும் கொத்தமல்லித் தழைபோல, வாசம். 1972-ல் அமெரிக்காவின் ஓரிகனில் வெளியிடப்பட்ட கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் பம்பளிமாஸின் சாயலில் மணக்கும். இன்றைய ஐபிஏக்களின் பழவாசத்துக்குப் பிள்ளையார்சுழி அதுதான். ஐபிஏ என்பது 'இந்தியா பேல் ஏல்' என்பதன் சுருக்கம். லண்டனிலிருந்தும் பர்ட்டனிலிருந்தும் கப்பலேறி, கல்கத்தாவிலும் பம்பாயிலும் மதராஸிலும் இறங்கி, கும்பெனிக்காரர்களின் தாகம் தீர்த்த பீரின் வாரிசு. 'கடல்பயணத்தில் கெடாமல் இருக்கவே அதைக் கண்டுபிடித்தார்கள்' என்று சொல்லப்படும் கதை மட்டும் சரியில்லை. போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கப்பல்களில் நல்லபடியாக வந்து சேர்ந்திருக்கிறது.

வாழைப்பழம் எங்கிருந்து வந்தது?

பவேரியாவில் 1516-ல் போட்ட சட்டம் பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே அனுமதித்தது. ஈஸ்ட்டின் பெயரே அதில் இல்லை. அது ஓர் உயிர் என்று அன்று யாருக்கும் தெரியாது. பெயர் விடுபட்ட அந்த உயிர்தான் பீரின் குணத்தைப் பாதிக்குமேல் எழுதுகிறது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடுகிறது. கூடவே நூற்றுக்கணக்கான வேறு மூலக்கூறுகளும் சொட்டுச் சொட்டாக வெளியேறுகின்றன. பவேரியக் கோதுமை பீரின் ஈஸ்ட் தாராளமாக உண்டாக்கும் ஒன்று ஐசோஅமைல் அசிடேட். வாழைப்பழம் பழுக்கும்போது தோலைத் தாண்டி வீட்டையே நிரப்புகிற வாசத்தில் முக்கியமான பொருள் அதேதான். பழக்கடையிலும் ப்ரூவரியிலும் ஒரே மூலக்கூறு. என் தோழனின் மூக்கு ஏமாறவில்லை. மிகச் சரியாகப் படித்தது. அந்த ஈஸ்ட் 4-வினைல் குவாயகால் என்ற இன்னொன்றையும் தரும். அதில் கிராம்பின் சாயல் இருக்கும். பிரியாணிக்கு நாம் காசு கொடுத்துப் போடுகிற மசாலாவை இங்கே ஒரு நுண்ணுயிர் சும்மா கொடுக்கிறது.

ஈஸ்ட்டில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஏல் ஈஸ்ட் ஏறத்தாழ 15 முதல் 24 டிகிரி செல்சியஸில், நம்மூர் மார்கழி இரவின் சூட்டில், சுறுசுறுப்பாக வேலை செய்து பழவாசம் விடும். லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரியில் நிதானமாக நொதித்து, பிறகு வாரக்கணக்கில் குளிரில் கிடக்கும். ஜெர்மன் மொழியில் 'லாகர்ன்' என்றால் சேமித்து வைத்தல். இந்த நிதானத்தால் வாசங்கள் அடங்கி, மால்ட்டும் ஹாப்ஸும் மட்டும் தெளிவாக நிற்கும். உலகம் இன்று குடிப்பதில் பெரும்பங்கு இந்த லாகர்தான்.

அதன் பொன்னிறத்துக்கு ஒரு பிறந்தநாளே உண்டு. போஹீமியாவின் பில்சன் நகரத்தார் 1838-ல், கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை நகர மன்றத்தின் முன்னால் கொட்டிக் கவிழ்த்தார்கள். பிறகு தாங்களே ஒரு ப்ரூவரி கட்டி, பவேரியாவிலிருந்து யோசெஃப் கிரோல் என்பவரை வரவழைத்தார்கள். உப்புகள் மிகக் குறைந்த பில்சன் நீர், வெளிர் மால்ட், அந்த வட்டாரத்துச் சாட்ஸ் ஹாப்ஸ், பவேரிய லாகர் முறை எல்லாம் 1842 அக்டோபரில் ஒன்றுசேர்ந்தன. பில்ஸ்னர் என்ற பெயர் அந்த ஊரின் பெயர். நம் டாஸ்மாக் கடையின் குளிர்பெட்டியில் இருக்கும் மஞ்சள் பீர் ஏறக்குறைய எல்லாமே அதன் தூரத்துச் சொந்தம்.

அந்த லாகர் ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்துத் தூயதாக வளர்த்தவர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். 1883-ல், கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில். அது ஒரு கலப்பினம் என்பதும், தாய் தந்தையரில் ஒன்று ஏல் ஈஸ்ட் என்பதும் பின்னால் தெரிந்தது. மற்றொன்று எது என்பது நெடுநாள் புதிர். 2011-ல் அர்ஜென்டினாவின் பட்டகோனியாக் காடுகளில், பீச் மரங்களில் விளையும் ஒரு பூஞ்சைக் கட்டியில் அது அகப்பட்டது. பிறகு திபெத்திலும் அயர்லாந்திலும் கிடைத்தது.

ஈஸ்ட்டே சேர்க்காத பீரும் உண்டு. பிரஸ்ஸல்ஸைச் சுற்றிய சென் பள்ளத்தாக்கில் லாம்பிக் என்ற பீருக்காகக் கொதித்த மால்ட் சாறை அகலமான திறந்த தொட்டியில் ஒரு குளிர்கால இரவு முழுக்க ஆறவிடுவார்கள். காற்றிலும் மரப்பீப்பாயிலும் குடியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து இறங்கும். இட்லி மாவை அரைத்து மூடி வைத்துவிட்டுத் தூங்கப்போகிற நமக்கு இதில் ஆச்சரியம் எதுவுமில்லை. நாமும் எதையும் சேர்ப்பதில்லை. காலையில் மாவு பொங்கியிருக்கும். புளிப்புக்கும் காரணம் இரண்டிலும் ஒரே கூட்டம்தான், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். இட்லிக்கு ஓர் இரவு. லாம்பிக்குக்கு ஒன்று முதல் மூன்று வருடம்.

சாட்சி சொல்லும் பொய்

பீர் எப்படி வேறுபடுகிறது என்று பார்த்தோம். இனி அதைச் சொல்லும் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவோம்.

ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்து, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள். இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும். ஆரஞ்சைக் காணோம். மூக்கை விட்ட நொடியில் எங்கிருந்தோ ஆரஞ்சு வந்து குதிக்கும். 'ருசி' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் வாசம்தான். அதனால்தான் ஐஸ்போலக் குளிர்ந்த பீர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. குளிரில் வாசப் பொருள்கள் ஆவியாகி எழுவது குறைவு. லாகருக்கு 5 டிகிரி பொருந்தும். ஸ்டௌட்டையும் பிற ஏல்களையும் பத்து டிகிரிக்கு மேல் கொண்டுவந்தால்தான் வாய் திறந்து பேசும்.

சரி, மூக்காவது நேர்மையான சாட்சியா? 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம், மணமில்லாத சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கே உரிய வார்த்தைகளால் அதை அவர்கள் வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு ஆமோதித்துவிட்டது. பீரிலும் இதே கதைதான். 1964-ல் அமெரிக்காவில் ஆலிசன், அல் என்ற இரு ஆய்வாளர்கள் வழக்கமாக பீர் குடிப்பவர்களுக்கு லேபிள் இல்லாத புட்டிகளைக் கொடுத்தபோது, பெரும்பாலோரால் தங்கள் சொந்த பிராண்டையே அடையாளம் காண முடியவில்லை. லேபிளை ஒட்டிக் கொடுத்ததும் அவரவர் பிராண்டின் மதிப்பெண் ஏறிக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 2006-ல் வந்த சோதனை. எம்ஐடி பல்கலைக்கழகத்தை ஒட்டிய மதுக்கூடங்களில் லீ, ஃபிரெடரிக், ஏரியலி என்ற மூவர் சாதாரண பீரையும், சில துளி பால்சமிக் வினிகர் விட்ட பீரையும் குடிக்கக் கொடுத்தார்கள். விஷயம் தெரியாமல் குடித்தவர்களில் பலருக்கு வினிகர் பீர் பிடித்திருந்தது. குடிப்பதற்கு முன்பே 'இதில் வினிகர் இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் பிடிக்காமல் போனது. குடித்த பிறகு சொன்னாலோ, பிடித்தது பிடித்ததுதான். செய்தி நாக்குக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் சுவையையே மாற்றிவிடுகிறது. பின்னால் வந்தால் அதன் பாச்சா பலிப்பதில்லை. 'இது ரொம்பக் கசக்கும், உனக்கு ஒத்துவராது' என்று நண்பர்கள் முன்கூட்டிச் சொல்வது எவ்வளவு கெடுதல் என்று பாருங்கள்.

ஆளுக்கு ஆள் நாக்கும் வேறுதான். 1931-ல் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் ஒரு தூளைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் 'கசக்கிறது' என்று முகம் சுளித்தார். ஃபாக்ஸுக்கு எதுவுமே தெரியவில்லை. கசப்பை உணர்வதில் பிறவி வேறுபாடு உண்டு என்ற ஆராய்ச்சி அங்கே தொடங்கியது. நம் நாக்கில் கசப்புக்கென்று சுமார் 25 வகை ஏற்பிகள் உள்ளன. ஹாப்ஸின் கசப்பைப் பிடிப்பவை அவற்றில் மூன்று என்று 2009-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே ஐபிஏ பிடிக்கவில்லை என்றால் அது ரசனைக் குறைவு ஆகாது. உங்கள் நாக்கு வேறொரு கருவியாக இருக்கலாம்.

ப்ரூவரியில் பிறந்த கணக்கு

பொய் சொல்லும் சாட்சியிடமிருந்து உண்மையை வாங்குவது எப்படி? இந்தக் கேள்விக்குப் பணம் கொடுத்து விடை தேடியவர்கள் பீர் ஆலைக்காரர்கள்தான்.

1899-ல் வில்லியம் சீலி கோசெட் என்ற இளைஞர் டப்ளினின் கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தவர். அவர் முன்னால் இருந்த சிக்கல் எளிமையானது, ஆனால் தீராதது. எந்த பார்லி நல்லது, எந்த ஹாப்ஸ் நல்லது என்று முடிவு சொல்ல வேண்டும். கையில் இருப்பதோ நாலைந்து மாதிரிகளின் அளவீடுகள். அவ்வளவு குறைந்த சான்றை எவ்வளவு நம்பலாம்? அன்றைய புள்ளியியல் பெரிய எண்ணிக்கைகளுக்கு மட்டுமே வழி சொன்னது. கோசெட் சிறிய எண்ணிக்கைக்கு வழி கண்டு 1908-ல் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்காததால் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயர். கல்லூரிப் புள்ளியியலில் 'ஸ்டூடன்ட் டி டெஸ்ட்' எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் கின்னஸுக்குக் கடன்பட்டவர்கள்.

சுவைப்பதற்கென்றே ஒரு சோதனை 1940-களில் கார்ல்ஸ்பெர்க்கில் உருவானது. முக்கோணச் சோதனை என்று பெயர். மூன்று கோப்பைகள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வர்ணனையும் ரசனையும் வேண்டாம். குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும். எனவே ஒரு முறை சரியாகச் சொன்னவரைப் பாராட்டிவிடக் கூடாது. ஆறு முறை கொடுத்து ஐந்தாவது சரியாகச் சொன்னால் சங்கதி வேறு. குருட்டாம்போக்கில் அப்படி அமைய 729-ல் 13 வாய்ப்புதான். இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

ஆய்வகங்களில் கோப்பைக்கு 1, 2 என்றோ அ, ஆ என்றோ பெயர் வைப்பதில்லை. '1' என்று பார்த்ததும் மனம் முதல் பரிசு கொடுத்துவிடும். 417, 852 என்று அர்த்தமில்லாத மூன்றிலக்க எண்களை ஒட்டுவார்கள். மனித மனதின் மேல் விஞ்ஞானத்துக்கு எவ்வளவு சந்தேகம் என்பதற்கு இந்த ஸ்டிக்கர் ஒன்றே போதும்.

சில்வர் டம்ளர் சோதனை

"கண்ணைக் கட்டிட்டுக் குடு, என் பீரைச் சொல்லிடுவேன்" என்று தோழன் அன்று மேசையைத் தட்டினான். அடுத்த ஞாயிறு அவன் வீட்டிலேயே சோதனை. கண்ணைக் கட்டத் தேவைப்படவில்லை. சமையலறையில் சில்வர் டம்ளர்கள் இருந்தன. நிறத்தை மறைக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. அடியில் எண் எழுதிய ஸ்டிக்கர். ஊற்றியது அவன் மனைவி. எதில் எது என்ற குறிப்பு அவர் கையிலிருந்த பால் கணக்கு நோட்டில். நானும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். விடை தெரிந்தவர் முகம் பக்கத்தில் இருந்தால் அதுவே துப்பாகிவிடும்.

முதல் ஞாயிறு, அவனுடைய பிராண்டும் வேறொரு லாகரும். ஒரே குளிர், ஒரே அளவு. சுற்றுக்கு மூன்று டம்ளர், டம்ளருக்கு 20 மில்லி, ஆறு சுற்று. மொத்தமே 360 மில்லி, ஒரு சின்ன புட்டியைவிடச் சற்றுக் கூடுதல். நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொன்னான். முடிவில் நோட்டைப் பார்த்தோம். ஆறில் இரண்டு சரி. சும்மா கை காட்டினாலே எவ்வளவு வருமோ அவ்வளவு.

அவன் மனைவி நோட்டை மூடினார். "என்னங்க, இது தீந்துபோச்சுன்னு மழையில ரெண்டு கடை அலைஞ்சீங்களே, எதுக்கு?" பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, இதுக்குக் கூடவா விஞ்ஞானம்?" என்றார்.

ஆறு சுற்றை வைத்து 'அவனால் முடியாது' என்று அறுதியிட முடியாது. கோசெட் இருந்திருந்தால் இன்னும் சுற்று கேட்டிருப்பார். அடுத்த ஞாயிறு அவன் பிராண்டையும் ஒரு கோதுமை பீரையும் வைத்தோம். ஆறுக்கு ஆறு. தற்செயலாக அப்படி வர 729-ல் ஒரே ஒரு வாய்ப்பு. ஆக, நாக்கு செத்துவிடவில்லை. ஒரே வகைக்குள் பிராண்டுக்கு பிராண்டு இருக்கும் வேறுபாட்டைவிட, வகைக்கு வகை இருக்கும் வேறுபாடு எத்தனையோ மடங்கு பெரிது. இருபத்தைந்து வருடமாக அவன் ஒரே தெருவுக்குள் வீடு மாற்றலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

புதியவருக்கு நான் சொல்வதும் இதுதான். ஆறு லாகர் வாங்கி ஒப்பிடாதீர்கள். கோடிகளைத் தொடுங்கள்: ஒரு பில்ஸ்னர், ஒரு கோதுமை பீர், ஓர் ஐபிஏ, ஒரு ஸ்டௌட், கிடைத்தால் ஒரு புளிப்பு பீர். மென்மையில் தொடங்கிக் கசப்பிலும் வறுப்பிலும் முடியுங்கள். வலுவான கசப்பை முதலில் குடித்தால், காரச்சட்னி தின்ற வாயில் பாயசம் ருசிப்பதுபோலத்தான். வெயிலில் கிடந்த பச்சை அல்லது வெள்ளைப் புட்டியைத் தவிருங்கள். ஒளி பட்டால் ஹாப்ஸ் அமிலம் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றப் பொருள் உண்டாகும். அது அந்த வகையின் குற்றமாகாது. பழுப்புப் புட்டி அந்த ஒளியைத் தடுக்கத்தான்.

பிறகு எழுதுங்கள். மார்ட்டன் மெய்ல்கார்ட் என்ற வேதியியலாளர் 1970-களில் பீரின் வாசங்களை ஒரு சக்கரமாக வரைந்தார். ஆலைக்காரர்கள் ஒரே வார்த்தையால் ஒரே வாசத்தைச் சொல்வதற்காக. நமக்கு அந்தச் சக்கரம் வேண்டியதில்லை, நம் அடுப்படியே போதும். கருகிய முறுக்கு, கிராம்பு, பழுத்த ரஸ்தாளி, நாரத்தைத் தோல், நேற்றைய இட்லி மாவு. 'நல்லாயிருக்கு' என்று எழுதினால் அடுத்த மாதம் ஒன்றும் நினைவுக்கு வராது. 'நாரத்தைத் தோல்' என்று எழுதினால் வரும்.

சர்க்கரை போடாத காப்பிக்காரருக்கு ஸ்டௌட் பிடிக்கும், மோர்ப்பிரியருக்கு லாம்பிக் பிடிக்கும் என்று கணிக்க எனக்கும் ஆசைதான். அது கைரேகை ஜோசியம். தொடங்குவதற்கு ஒரு ஊகமாக வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பை டம்ளர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வேறுபாடு தெரிவது வேறு, பிடிப்பது வேறு. முக்கோணச் சோதனை முதலாவதைத்தான் சொல்லும். பிடிப்பதை அறிய, நாலு வகையை எண் போட்டு மூன்று தனித்தனி ஞாயிறுகளில் வரிசைப்படுத்தத் தோழனிடம் சொன்னேன். வாரத்துக்கு வாரம் எண்களை மாற்றினோம். மூன்று வாரமும் ஒரே பீர் முதலிடம் பிடித்தது. முதல் வாரம் கடைசியில் கிடந்த ஸ்டௌட் மூன்றாம் வாரம் இரண்டாவதாக ஏறியது. பழகப் பழகப் பிடித்துப்போகும் என்பதை 1968-ல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் சோதனைகளில் காட்டியிருக்கிறார். நம் பாட்டிமார்கள் பாகற்காயை வாரம் ஒரு முறை தட்டில் வைத்தே காட்டினார்கள். எனவே ஒரே ஒரு வாயில் எந்த வகையையும் தள்ளிவைக்க வேண்டாம்.

பழக்கம் என்ற சொல்லுக்கு மறுபக்கமும் உண்டு. 5 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் அது இருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. தமிழ்நாட்டில் சட்டப்படி 21 வயது ஆகவேண்டும். குடிக்காதவர் இந்த அத்தியாயத்துக்காகத் தொடங்க வேண்டாம். காப்பித்தூளிலும் மோரிலும் இதே சோதனையைச் செய்யலாம், கணக்கு மாறாது. குடிப்பவருக்கு ஒரு வார்த்தை: 20 மில்லி டம்ளரில் ருசி தேடும்போது குடிப்பது குறைகிறது, கவனிப்பது கூடுகிறது.

இரண்டு மாதம் கழித்து அதே மைக்ரோப்ரூவரிக்கு மறுபடி போனோம். மெனு கார்டு மாறியிருந்தது. பெயர்கள் முன்பைவிட விசித்திரம். அதே தம்பி வந்து நின்றார். தோழன் கார்டைத் தொடவே இல்லை.

"தம்பி, கலங்கலா இருக்கணும். கசப்பு கம்மியா, ரஸ்தாளி வாசம் அடிக்கணும், கடைசியில லேசா கிராம்பு தெரியணும். ரொம்ப ஐஸா வேண்டாம். அதுக்கு இன்னிக்கு என்ன பேர் வச்சிருக்கீங்களோ, அதுல ஒண்ணு."